மூரன்: றோட்டே போகாத ஊர்

மட்டக்களப்பில் மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் போகப் 'பாதை' என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நின்ற ஆக்களுக்கு மூரனைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. சுவிசில் பேர்ண் மாநிலத்து லவுட்டர்புருனன் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைக்கு மேலே, 1638 மீற்றர் உயரத்தில் இருக்கிற சிற்றூர் இது. வெளியிலிருந்து கார் போக வழியில்லை. சாமான்களும் கேபிளில் தொங்கித்தான் ஏறும்.

பிள்ளைகளைப் பார்க்க விசிட் விசாவில் போகிறவர்களை அங்கே படமெடுக்கத்தான் கூட்டிப்போவார்கள். அடிப்படையில் அது மாடு வளர்த்தவர்களின் ஊர். தெற்கே லோட்சன் பள்ளத்தாக்கிலிருந்து மலை கடந்து வந்த வால்சர் மக்கள், நடுக்காலத்தில் இங்கே குடியேறினார்கள். நம்மிடம் பெரும்போகம் தொடங்கியதும் மாடுகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போவதுபோல, அங்கே கோடை பிறந்ததும் பட்டி மேல்மேய்ச்சலுக்கு ஏறும். செப்டெம்பர் வாக்கில் இறங்கும். இரண்டு இடத்திலும் காரணம் ஒன்று, கீழ்நிலத்தைப் பயிருக்கு விடவேண்டும். அவர்களுடைய பயிர் புல்லு. அதை வெட்டிக் காயவைத்தால்தான் பனிக்காலத்தில் தொழுவத்து மாடு பிழைக்கும். மேலே கறக்கிற பாலை நாளாந்தம் இறக்க ஏலாது என்பதால் சீஸ் ஆக்கினார்கள். நாம் சட்டியில் உறையவைத்த தயிர் சில நாள். அவர்களுடைய சீஸ் மாதக்கணக்கில் நிற்கும்.

1891இல் மலைரயில் வந்ததும் வெள்ளைக்காரர், முக்கியமாக ஆங்கிலேயர், வரத் தொடங்கினார்கள். ஆர்னோல்ட் லன் 1922இல் நவீன ஸ்லாலம் பனிச்சறுக்குப் போட்டியை நடத்தியது இங்கேதான். 1928இல் தொடங்கிய 'இன்ஃபெர்னோ' பனிச்சறுக்கு ஓட்டம் இப்போதும் ஜனவரியில் நடக்கிறது. அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறும்.

போகும் வழி: பேர்ணிலிருந்து இன்டர்லாக்கன் ஒஸ்ட், அங்கே கோச்சி (ரயில்) மாறி லவுட்டர்புருனன். கோச்சி ஸ்வைலுச்சினனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கிரின்டல்வால்டுக்குப் போய்விடும். ஏறும்போதே பெட்டியில் எழுதியிருக்கிற ஊர்ப்பெயரைப் பாருங்கள். ஆக்கள் வழிதவறுவது பெரும்பாலும் இங்கேதான். லவுட்டர்புருனனில் எதிரே கேபிள் கார் ஏறி குறுச்சால்ப், பிறகு சின்ன ரயிலில் மூரன். (முன்பு கேபிள் காருக்குப் பதிலாகச் சரிவில் இழுவை ரயில் ஓடியது. நிலம் வழுகிக்கொண்டே இருந்ததால் 2006இல் கைவிட்டார்கள்.) நடக்கக்கூடியவர்கள் குறுச்சால்ப்பிலிருந்து நடக்கலாம். ஏற்றம் குறைவு, ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். இடையில் வின்ரெக்கில் சீஸ் ஆக்கும் இடம் இருக்கிறது. எதிரே ஐகர், மோன்ஹ், யுங்பிராவ் மூன்று சிகரமும் கூடவே வரும். ஸ்டெக்கல்பெர்க் பக்கமிருந்து நேரே மூரனுக்கு ஏறும் கேபிள் கார் 2024 டிசம்பரில் திறந்தது; உலகிலேயே மிகச் செங்குத்தானது, சரிவு 159.4 வீதம். தலைசுற்று உள்ளவர்களுக்கு குறுச்சால்ப் வழிதான் நல்லது.

மூரனுக்கு மேலே, கேபிள் காரில் ஏறுகிற ஷில்ட்ஹோர்ன் சிகரம் 2970 மீற்றர், நம் பிதுருதலாகலையைவிட 400 மீற்றருக்கு மேல் உயரம். கடல்மட்டத்தில் வாழ்ந்த உடம்புக்கு மூச்சு வாங்கும். இதய நோய், பிரஷர் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். ரிக்கட் வாங்கமுன் உச்சியின் நேரடிக் கமராவைப் பாருங்கள். முகில் மூடியிருந்தால் காசு கொடுத்து வெள்ளைச் சுவர் பார்ப்பீர்கள். காற்று கடுமையானால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளோடு போனால் மூரனுக்குச் சற்று மேலே இருக்கிற அல்மென்ட்ஹூபல் போதும்; 1912இலிருந்து ஓடும் இழுவை ரயிலில் ஏறி விளையாட்டிடத்தில் விடலாம், கோடையில் பூக்களும் இருக்கும்.

கீழே லவுட்டர்புருனனில் 297 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஸ்டவுப்பாக் அருவியை இலவசமாகவே பார்க்கலாம். பாறைக்குள்ளே இரையும் ட்ரும்மல்பாக் அருவிக்குக் கட்டணம். பனிக்காலத்தில் பூட்டு, 4 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, படிகள் ஈரம். செருப்போடு போகவேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும்.

நவம்பரிலும் ஏப்ரல் கடைசியிலும் கேபிள் திருத்தவேலை நடக்கும், ஹோட்டல்களும் பாதி பூட்டு. மலிவென்று அந்த நாட்களில் பதியமுன் எது ஓடுகிறதென்று பாருங்கள்.

சமைக்கிற அறை எடுத்தால் இன்னொரு விஷயம். மூரனின் உயரத்தில் தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். சிவப்பரிசியை அரை மணித்தியாலம் ஊறவையுங்கள், தண்ணீரை அரைக் கோப்பை கூட்டுங்கள், அடுப்பை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். இல்லையென்றால் வெளியே குழைந்து நடுவில் விதையாக நிற்கும்.