பஸ்ஸில் தொடங்கிய கோப்பு

எங்கள் கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு ஆள் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். போன ஆண்டு அந்தக் கூட்டத்துக்கு நான் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். நாற்காலியில் உட்காருவதற்குள் ஒருங்கிணைப்பாளர் ஆகியிருந்தேன். தருமபுரிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன் நான். விசாரணை என்றால் என்னவென்று சினிமாவில் பார்த்ததோடு சரி.

பிப்ரவரியில் முதல் கோப்பு வந்தது. தண்ணீர்த் தொட்டி அருகே இரண்டாம் ஆண்டு பி.காம். பையன் ஒருவன், இரண்டாம் ஆண்டு கணிதப் பையனை டிபன் பாக்ஸால் அடித்துவிட்டான். உதடு கிழிந்து மூன்று தையல். கணிதத் துறைத் தலைவர் எழுதிய ஒரு பக்கப் புகார் மட்டும் கோப்பில் இருந்தது. "பதினஞ்சு நாள் சஸ்பெண்ட், அப்பாவைக் கூட்டிட்டு வந்து மன்னிப்புக் கடிதம். ஒரு வாரத்துல முடிச்சுடுங்க" என்றார் முதல்வர். அதுதான் வழக்கம். மன்னிப்புக் கடிதத்துக்கு வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையிலேயே மாதிரி கிடைக்கும், பெயரையும் தேதியையும் நிரப்பினால் போதும்.

முதல் விசாரணையை நான் நடத்திய லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர், கணிதத் துறைத் தலைவர் உட்பட. அந்தப் பக்கம் இரண்டு பையன்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். "ஏம்ப்பா அடிச்ச?" பி.காம். பையன் தரையைப் பார்த்தான். "ஒண்ணும் இல்லைங்க சார்." "ஒண்ணும் இல்லாமலா மூணு தையல்?" அதற்கும் அதே பதில்தான். ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. 'தவறை ஒப்புக்கொண்டான்' என்று நானே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் அவனுடைய அக்கா வந்தாள். சட்டம் படிக்கிற பெண். கோபமாகப் பேசவில்லை. "புகார் நகல் என் தம்பிக்குக் கொடுத்தீங்களா சார்? பதில் எழுத டைம் கொடுத்தீங்களா? புகார் எழுதினவரே எப்படிங்க சார் விசாரிக்கிற இடத்துல உக்காரலாம்?" மூன்று கேள்வி. மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. எதிர்த்தரப்பைக் கேட்காமல் முடிவு சொல்லக்கூடாது, தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆகக்கூடாது என்கிற இயற்கை நீதி கல்லூரிக்கும் பொருந்தும் என்பதை அந்தப் பெண் சொல்லித்தான் யோசித்தேன். இருபது வருடச் சர்வீஸ் எனக்கு. வெட்கமாகத்தான் இருந்தது.

எழுதியதைக் கிழிக்கவில்லை, மேலே குறுக்குக்கோடு போட்டுக் கோப்பிலேயே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். நடுவில் ஒரு சக ஆசிரியர், "ராகிங்னு போட்டுடுங்க, நம்ம கை சுத்தம்" என்று யோசனை சொன்னார். ராகிங் என்றால் பேசித் தீர்க்க இடமே கிடையாது. குற்றம் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் போலீசுக்குப் போக வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதி. தமிழ்நாட்டின் 1997 சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பையன் தலையில் அதைத் தூக்கிப் போட முடியாது.

பெற்றோரை வரவழைப்பதும் லேசுப்பட்ட வேலையில்லை. பி.காம். பையனின் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். எங்கள் பக்கம் பாதி அப்பாக்கள் அங்கேதான். புதன்கிழமை பத்து மணிக்கு வா என்றால் ஒரு நாள் கூலி போகும், சில சமயம் வேலையே போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை வைத்தேன். ஊழியர்களில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். வேறு வழியில்லை.

இந்த முறை தனித்தனியாகக் கேட்டோம். அதற்கு முன், நடந்ததை அவரவர் கையால் எழுதச் சொன்னேன், நூலகத்தில், பக்கத்தில் யாரும் நிற்காமல். கணிதப் பையன் அரைப் பக்கம் எழுதினான். பி.காம். பையன் நான்கு பக்கம் எழுதினான். வாய் திறக்காதவன் எழுத உட்கார்ந்தால் இவ்வளவு எழுதுவான் என்று நான் நினைக்கவே இல்லை.

எல்லாம் காலை டவுன் பஸ்ஸில் தொடங்கியிருக்கிறது. பஸ் கிளம்பும் ஊர் கணிதப் பையனுடையது. அங்கேயே ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு, ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் இடம் பிடித்துவிடுவார்கள். மூன்று ஸ்டாப் தள்ளி ஏறுகிறவன் பி.காம். பையன். காலியாகக் கிடந்த சீட்டில் பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அப்போது அவன் தெருவைச் சொல்லி ஒரு வார்த்தை விழுந்திருக்கிறது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு வாரம் தினமும் அதே வார்த்தை, அதற்கு ஒரு சிரிப்பு. டிபன் பாக்ஸ் பறந்தது பதினைந்தாவது நாளோ என்னவோ.

அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் சாதி வன்முறையில் தலித் மக்களின் வீடுகள் எரிந்த மாவட்டம் இது. இந்தப் பையன்கள் அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்திருப்பார்கள். செய்தி எப்படியோ வெளியே போய், அன்று மாலையே இரண்டு ஊரிலிருந்தும் போன். "பெரியவங்க நாங்க உக்காந்து பேசி முடிச்சுக்கறோம் சார்." வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், விசாரணை அறைக்குள் விடவில்லை.

சீட்டுத் தகராறைப் பேசித் தீர்க்கலாம். அந்த வார்த்தையைப் பேசித் தீர்க்க முடியாது. இரண்டையும் ஒரே மன்னிப்புக் கடிதத்தில் கட்டி முடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், முதல்வர் உட்பட. நான் இரண்டு தனி அறிக்கையாக எழுதினேன். பி.காம். பையனையும் அவன் அப்பாவையும் உட்காரவைத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் கீழ் புகார் கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு, கல்லூரி தடுக்காது, சாட்சிக்கு நானே வருவேன் என்று சொன்னேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. "படிப்பு முடியட்டுங்க சார்" என்றார். அது அவர் எடுத்த முடிவா, பயம் எடுத்த முடிவா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வற்புறுத்தவில்லை, ஆனால் அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்தேன்.

அடித்ததற்கு பி.காம். பையனுக்குத் தண்டனை உண்டு. தையல் போட்ட செலவு, இரண்டு வாரம் வகுப்பு முடிந்ததும் நூலக வேலை. சஸ்பெண்ட் வேண்டாம் என்று நின்றேன். ஏற்கெனவே அவன் வருகைப் பதிவு 78 சதவீதம்தான். பதினைந்து நாள் வெளியே நிறுத்தினால் 75க்குக் கீழே போய்த் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். அப்பா கூடவே பெங்களூர் போவான், திரும்பி வர மாட்டான். அப்படிப் போன பையன்களை நான் பார்த்திருக்கிறேன். வார்த்தை சொன்னதற்காகக் கணிதப் பையனுக்கும் அவன் வீட்டுக்கும் எழுத்துப்பூர்வ எச்சரிக்கை, மாணவர் பேரவைப் பொறுப்பிலிருந்து நீக்கம். கணிதத் துறைத் தலைவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஸ்டாஃப் ரூம் அமைதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதில் உருப்படியாக நடந்தது என்று நான் நினைப்பது பஸ் விஷயம்தான். இரண்டு பையன்களையும் ஒரே மேசையில் முதல் முறையாகப் பேசவைத்தது அதற்காகத்தான். மன்னிப்பு, நட்பு எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் எத்தனை சீட், எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று கணக்கு மட்டும் எடுக்கச் சொன்னேன். கணிதப் பையன்தான் பட்டியல் போட்டான், நன்றாகவே போட்டான். அதை இணைத்து டெப்போ கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதினோம். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு, ஜூனில், அதே தடத்தில் இன்னொரு பஸ்ஸைக் கால்மணி நேரம் முன்னால் கிளப்பினார்கள். இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. வேறு வேறு பஸ்ஸில் வருகிறார்கள்.

இறுதி ஆணையின் நகலை வாங்கிப்போக அந்த அக்காவே வந்தாள். நின்றபடி முழுவதும் படித்தாள். நான் பரீட்சை எழுதியவன் மாதிரி காத்திருந்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்துக்குக் கீழே தேதி போடலைங்க சார்."