ரேக்கில் அடுக்குகிற வேலை

சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் ஸ்டூவர்டிங் பிரிவில், அதாவது பாத்திரம் கழுவும் பிரிவில், சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஊரில் கேட்டால் ‘ஹோட்டல்ல இருக்கேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். விவரம் தெரிந்த உறவினர்களோ, ‘மெஷின்தானே கழுவுது, உனக்கு அங்க என்ன வேலை?’ என்பார்கள். மெஷின் சூடான தண்ணீரை வேகமாக அடிக்கும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் அழுக்கின் மேல் படுமா படாதா என்பது, மெஷினுக்குள் போகும் ரேக்கில் பாத்திரங்களை அடுக்குகிறவர் கையில் இருக்கிறது.

காலை பஃபே முடிகிற நேரம்தான் எங்களுக்குச் சோதனை. இட்லி மாவு காய்ந்த தட்டு, பொங்கல் நெய் படிந்த கிண்ணம், முட்டை மஞ்சள் ஒட்டிய தட்டு, காபிக் கோப்பை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். அதனால் எச்சில் தட்டு இறக்கும் மேசையில் பெரிய தட்டு ஒன்று, சின்னத் தட்டு ஒன்று, கிண்ணம் ஒன்று என்று முன்கூட்டியே மாதிரிக்கு வைத்துவிடுவோம். சர்வீஸ் பையன்கள் எவ்வளவு அவசரத்தில் வந்தாலும், பெரிய தட்டைக் கண்டதும் அதன் மேலேயே பெரிய தட்டை வைத்துவிட்டுப் போவார்கள். யாரிடமும் கத்த வேண்டியதில்லை. பாதி வேலை அங்கேயே முடிந்தது.

முட்டையும் மாவும் ஒட்டியதற்கு எடுத்த எடுப்பில் கொதிக்கும் தண்ணீர் காட்டக் கூடாது, வெந்து இறுகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு அலசு, அப்புறம் ரேக்.

ரேக் என்பது அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரம். தட்டுக்கு முள் வைத்தது, கண்ணாடி டம்ளருக்குக் கட்டம் போட்டது என்று தனித்தனி. தட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். சின்னத் தட்டைப் பெரிய தட்டுகளுக்கு நடுவில் விட்டால் அதற்குத் தண்ணீரே எட்டாது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இடுக்கில் இன்னொரு தட்டைச் செருகினால், பக்கத்துத் தட்டையும் சேர்த்து மறுபடி கழுவ வேண்டிவரும். புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே செருகத்தான் பார்ப்பார்கள். எங்கள் சூப்பர்வைசர், ‘தண்ணி போற வழிய விடுப்பா, மிச்சத்த அது பாத்துக்கும்’ என்பார். ஸ்பூன்கள் ஒன்றன் மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். ஊறவைத்து, ஃபோர்க்கோடு கலந்து, வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி கூடையில் தளர்வாகப் போட வேண்டும்.

கழுவும் தண்ணீர் 60 டிகிரி அளவில் இருக்கும். கடைசி அலசல் 82 டிகிரிக்குக் குறையக் கூடாது. அந்தச் சூட்டில் பீங்கான் தானாகவே உலர்ந்துவிடும், துணி தேவையில்லை. ஆனால் கோப்பையின் குழிந்த அடியில் தண்ணீர் தேங்கினால் உலராது. அதற்காகத்தான் கோப்பையைச் சாய்த்துக் கவிழ்ப்பது.

ரேக்கில் இருக்கிற இந்தக் கட்டங்கள் மெஷினுக்குப் பிறகு வந்த ஒட்டுவேலை இல்லை. அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரன் 1886-இல் காப்புரிமை வாங்கிய மெஷினிலேயே தட்டுக்கும் கோப்பைக்கும் அளவெடுத்துச் செய்த கம்பி அறைகள் இருந்தன. பாத்திரத்தை அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பாய்ச்சுவதுதான் அவருடைய யோசனை. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அதைக் காட்டினார். ஆரம்பத்தில் அதை வாங்கியவர்களில் பெரும்பாலும் ஹோட்டல்காரர்களும் உணவகக்காரர்களும்தான்.

இப்போது வீடுகளிலும் டிஷ்வாஷர் வந்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் அதன் மேல்தான் போகிறது. எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருப்பார்கள். உள்டம்ளர் போட்டபடியே வெளியே வரும். கடாய் மெஷினின் கீழ் அடுக்கில் கவிழ்ந்திருக்க வேண்டும். நீளக் கரண்டி நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே சுழன்று தண்ணீர் அடிக்கும் கை சுற்றாது. கதவை மூடுமுன் அந்தக் கையை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அலுமினியக் குக்கர் கறுத்துப்போகும், மர மத்து வெடிக்கும், இரண்டையும் உள்ளே விடாதீர்கள். எச்சிலை வழித்துவிட்டால் போதும். சிலர் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு அப்புறம் மெஷினில் வைக்கிறார்கள். அந்த சோப்பு சரியாக அலம்பப்படாமல் உள்ளே போனால் நுரை பொங்கும். அது தவிர, அதற்கு மெஷின் எதற்கு?

போர் தண்ணீர் வரும் வீடென்றால் தண்ணீரின் கடினத்தைக் குறைக்க மெஷினுக்கென்று விற்கிற உப்பைத் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்து டம்ளரில் வெள்ளைப் புள்ளி விழுந்தால், அடுக்கினவரைத் திட்டிப் பயனில்லை.