ஏற்காடு ஓவிய முகாம்: மூன்று நாளும் காயாத தாளும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். கீழே ஐந்து நிமிடத்தில் காய்கிற வாட்டர்கலர் வாஷ் (நீர் நிறையக் கலந்து பரப்பும் கலர்), மேலே பனி இறங்கிய காலையில் அரைமணி ஆனாலும் பளபளத்துக்கொண்டே கிடக்கும். மாணவர்களுக்கு அட்டவணை போடும்போது இதை மறந்தால் முகாம் முழுக்கக் காத்திருப்பதிலேயே போய்விடும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம், நல்ல தடிமன்), முழுப் பருத்தி. 22×30 அங்குலத் தாளை நாலாக்கினால் 11×15. ஆளுக்கு மூன்று முழுத் தாள், அதாவது 12 துண்டு: பத்து படத்துக்கு, இரண்டு கலர் பார்க்க. காசை மிச்சம் பிடிக்க சாதாரண வரைபடத் தாளான மெல்லிய கார்ட்ரிட்ஜ் தாள் கொடுத்தால் முதல் வாஷுக்கே அப்பளம்போல் எழும்பும். பள்ளத்தில் கலர் தேங்கும். பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை மலிவுதான், ஆனால் ஈரத்தில் ஓரம் உப்பிவிடும். மாஸ்கிங் டேப்பும் பனியில் பிடிக்காது, நாலு மூலைக்கும் கிளிப் வேண்டும்.

கலர் ஆறு போதும்: அல்ட்ராமரின், செருலியன் (இரண்டும் நீலம்), லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அலிசரின் கிரிம்சன் (அடர் சிவப்பு). மாணவர்களிடம் சாப் கிரீன் (கலக்காமலே கிடைக்கும் பச்சை) ட்யூப் இருந்தால், அவர்கள் பயன்படுத்தாதபடி முதல் நாளே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதை அப்படியே பூசினால் காப்பிச் செடி, மிளகுக்கொடி, சில்வர் ஓக் எல்லாம் ஒரே பச்சைப் போர்வை. காப்பி இலைக்கு அல்ட்ராமரினும் ஓக்கரும், நிழலில் துளி சியன்னா. சில்வர் ஓக் இலையின் அடிப்புறம் வெள்ளி நிறம். செருலியனில் நுனித்தூரிகை சியன்னா கலந்தால் அந்தச் சாம்பல் கிடைக்கும்.

முதல் நாள், ஏரிக்கரை, காலை 6.30. வழக்கமான தப்பு உடனே வந்துவிடும். வானம் பாதி காய்ந்திருக்கும்போது நீர் அதிகமுள்ள தூரிகையால் மரத்தைத் தொடுவார்கள். அந்த நீர் பழைய கலரைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி நிறுத்தும். பளபளப்பு போனதும் காய்ந்துவிட்டது என்று நம்பக் கூடாது. புறங்கையைத் தாளில் லேசாக வைத்தால் சில்லென்றிருக்கும். அப்படியென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பலகை கொடுத்து, ஒன்று காயும்போது இன்னொன்றைத் தொடங்கச் சொன்னதும் நேரம் கூடிவந்தது.

இரண்டாம் நாள், லேடீஸ் சீட் காட்சிமுனை, பிற்பகல் 3.30. கீழே சேலம் சமவெளி. வெயில் நேராகத் தாளில் விழுந்தால் கண் கூசும். அதை ஈடுகட்டக் கலரை அடர்த்தியாகப் போடுவார்கள், அறைக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். தாளும் பேலட்டும் நிழலில் இருக்க வேண்டும். நிழல் விழும் திசையை முதல் பத்து நிமிடத்தில் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு வெயில் நகர்ந்தாலும் மாற்றவே கூடாது.

மூன்றாம் நாள் பனி விலகவில்லை. அதையே வேலைக்கு எடுத்துக்கொண்டோம். தாளின் இரு பக்கமும் நனைத்து, தூரிகையை ஒருமுறை துணியில் ஒற்றிவிட்டு, குழைவான கலரில் தூரத்து மரங்களிலிருந்து முன்னால் வர வேண்டும். பக்கத்து மரத்துக்கு மட்டும் தாள் சற்று இறுகும்வரை பொறுக்கணும். மூன்று நாளில் உருப்படியான படங்கள் பெரும்பாலும் அன்றைக்கு வந்தவைதான்.

கிளம்பும்போது தாள்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து இரண்டு அட்டைக்குள் கட்டுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால், சேலத்து வெக்கைக்கு இறங்குவதற்குள் மிச்ச ஈரம் உள்ளேயே வேர்த்து, கலர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.