வாய் பெரிய மரம்

ஜூன் 1, 2024, சனி

ஐந்து ரோடு பக்கம் நான் போகிற ஸ்நூக்கர் கிளப்பில் இன்று இரண்டு ஃபிரேம். இரண்டிலும் தோல்வி. என் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, ஆனால் பந்தைக் குத்தும் கம்பான க்யூவைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. சேலத்துப் புழுக்கத்தில் கை வியர்த்துவிட்டால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அது ஒட்டிக்கொள்கிறது. வழுக்கிக்கொண்டு போக வேண்டிய கம்பு தயங்கித் தயங்கிப் போகிறது. போன வருஷம் ஒரு கடையில் கொடுத்து லாக்கர் பாலிஷ் அடித்து வாங்கியது. பார்த்தால் கண்ணாடி, பிடித்தால் கோந்து.

வீட்டுக்கு வந்து ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பளபளப்புக்கு அடியில் மரத்தின் பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. உள்ளே, க்யூ நுனியில் தடவுகிற பச்சை சாக் தூள் வேறு. நகத்தைக் குறுக்கே இழுத்தால் டிக் டிக் டிக் என்கிறது. மேலே பூசியிருக்கிறார்களே தவிர, பள்ளத்தை யாரும் நிரப்பவில்லை.

சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதாக முடிவு. எத்தனை நாள் ஆகிறது என்று இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

என் க்யூ முக்கால் ஜாயிண்ட், அதாவது முக்கால் நீளத்தில் கழற்றுகிற இரண்டு துண்டு, மொத்தம் 57 அங்குலம். பின்துண்டைக் கழற்றி உறையில் வைத்துவிட்டேன். வேலை முன்பாகத்துக்கு மட்டும்தான். நுனியில் இருக்கும் பித்தளைப் பூணுக்கு டேப் சுற்றினேன். பித்தளையில் எமரி பேப்பர் பட்டால் கருப்புத் தூள் கிளம்பி மரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

240 நம்பர் பேப்பரை ஸ்பாஞ்சில் சுற்றி நீளவாக்கில் மட்டும் இழுத்தேன். பத்து இழுப்புக்கு ஒருமுறை க்யூவைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். ஒரே பக்கம் தேய்த்தால் வட்டம் போய்விடும். நுனி 9.5 மில்லிமீட்டர், காலிப்பரில் அளந்து குறித்து வைத்துக்கொண்டேன். லாக்கர் வெள்ளை வெள்ளையாகப் பொடிந்து வந்தது. போனால் போகட்டும் என்று இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் மரமும் சேர்ந்து போகும், அப்புறம் அந்த நுனியை யாரும் திருப்பித் தர முடியாது.

மூன்று மணி நேரம். லாக்கர் போனதும் மர வரியின் அம்பு முனைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. என் க்யூ ஆஷ், குளிர் நாட்டு மரம். வசந்தத்தில் வேகமாக வளரும்போது பெரிய பெரிய குழாய்களோடு ஒரு வளையம் விடும், கோடையில் கெட்டியாக இன்னொன்று. அந்த வளையங்களை நுனி நோக்கிச் சரிவாகச் சீவும்போதுதான் அம்பு அம்பாக விழுகிறது. அழகும் அந்தக் குழாய்களால்தான், எனக்குத் தொல்லையும் அவற்றால்தான்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்திரம் தேய்க்கச் சொன்னா கை வலிக்குதுங்கற" என்றார்.

ஜூன் 3, திங்கள்

ஆபீஸ் போய் வந்து 400 நம்பர். ஈரத்துணியால் ஒரு துடைப்பு. காய்ந்ததும் மூன்று நாள் தாடி மாதிரி நார் எழுந்து நின்றது. அதை மறுபடி 400-இல் சிரைத்தேன். ஈரம் காட்டாமல் விட்டால் இந்தத் தாடி பிற்பாடு பாலிஷுக்கு அடியில் முளைக்கும்.

ஜூன் 5, புதன்

கெடுத்துவிட்டேன்.

ஹார்டுவேர் கடையில் சாக் பவுடரும் கருப்பு ஆக்சைடும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்) வாங்கி வந்து, பள்ளத்தை நிரப்பும் பட்டியாகக் குழைத்து, நேற்று ராத்திரி க்யூ முழுக்க அப்பிவிட்டுப் படுத்தேன். நன்றாகக் காயட்டும் என்று நினைப்பு. காலையில் மேலே பிசுபிசுப்பான ஒரு தோல், எதில் துடைத்தாலும் இழுபடுகிறது. நீளவாக்கில் அழுத்தித் துடைத்ததில் பள்ளத்துக்குள் இருந்ததும் உருவிக்கொண்டு வந்துவிட்டது. நிரம்ப வேண்டிய இடம் காலி, வெறுமையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் கறை. மண்ணெண்ணெய் விளக்குத் துடைத்த துணி மாதிரி ஒரு க்யூ. டர்பன்டைன் போட்டுக் கழுவியதோடு இன்றைய பொழுது சரி.

ஜூன் 8, சனி

செவ்வாய்ப்பேட்டையில் பழைய மர பீரோ, ஊஞ்சல் பலகைகளுக்குப் பாலிஷ் போடும் பெரியவர் ஒருவரைத் தெரியும். க்யூவைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நகத்தால் ஒரு கீறு.

"என்ன தம்பி இது, பில்லியர்ட்ஸ் கம்பா?"

"ஸ்நூக்கருங்க."

அது எந்த ஊர் ஆட்டம் என்று கேட்டார். வெள்ளைக்காரப் பட்டாளத்தார் 1875-இல் ஜபல்பூரில் ஆரம்பித்தது, 1880களில் நம்ம ஊட்டி கிளப்பில் வைத்துத்தான் விதிகளை எழுதினார்கள் என்று சொன்னேன். அவருக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. கம்பில்தான் கண்.

"வாய் பெரிய மரம். தேக்குக்குப் பங்காளி. இதுக்கு ஊட்டணும், அப்பக்கூடாது."

பிறகு அவர் சொன்னதுதான் நான் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. பட்டி போடுவதற்கு முன் அரக்கை ஸ்பிரிட்டில் தண்ணீராகக் கரைத்து ஒரே ஒரு கை இழுத்துவிட வேண்டும். பள்ளம் அடைபடாத அளவுக்கு மெல்லிசாக. அது இருந்தால் பட்டியின் கருப்பு, மரத்தின் மேல் ஊறாது, குழிக்குள் மட்டும் போய் உட்காரும். பட்டியைக் காயவிடக் கூடாது. மினுமினுப்பு மங்கியதும் சணல் சாக்கால் வரிக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். நீளவாக்கில் துடைத்தால் உருவிக்கொண்டு வரும்.

"வந்துச்சுங்க" என்றேன்.

"வரும்" என்றார். காசு வாங்கவில்லை. எதிர்க்கடையில் ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன், அதை மறுக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கறையைப் போக்க மறுபடி 400. நுனி 9.4. இதற்கு மேல் குறையக் கூடாது.

ராத்திரியே ஊறப்போட்ட அரக்கு, காலையில் மெல்லிய தேநீர் நிறத்தில் இருந்தது. துணியில் தொட்டு ஒரே இழுப்பு. அரை மணியில் காய்ந்துவிட்டது.

பட்டியை இந்த முறை இட்லி மாவுப் பதத்துக்குக் கரைத்தேன், நாலு சொட்டு டர்பன்டைன் விட்டு. ஒரு ஜாண் நீளம் பூசுவது, விரலால் குறுக்கே அழுத்தி ஊட்டுவது, காத்திருப்பது. முதலில் ஈரமாகப் பளபளக்கும். பத்து நிமிஷத்தில், ஃபேனைப் போட்டால் இன்னும் சீக்கிரம், பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வரும். பரீட்சை முடிந்த கரும்பலகை மாதிரி முழுசாக மங்கினதும் சாக்குத் துணியை எடுத்துக் குறுக்கே சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். கருப்பு உருண்டை உருண்டையாகத் திரண்டு உதிர்ந்தது. அதற்கு அடியிலிருந்து மரம் வெளுப்பாக வந்தது, வரி மட்டும் மை தீட்டினாற்போல. அந்த ஒரு ஜாணைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை.

இப்படியே முழு நீளத்துக்கும். ஜாயிண்ட் திருகில் நூல் கட்டித் துணிக்கொடிக் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறேன். சுவரில் சாய்த்து வைத்தால் வளையுமோ என்று பயம்.

ஜூன் 13, வியாழன்

நாலு நாள் தொடவில்லை. இன்று நகம் போட்டுப் பார்த்தேன். காய்ந்ததில் பட்டி கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. நுனிப்பக்கம் டிக் இல்லை, நடுவில் லேசாக இருக்கிறது. இரண்டாவது ஊட்டல்.

ஜூன் 17, திங்கள்

600 நம்பரில் மேலே இருந்த அரக்கைச் சுத்தமாக எடுத்துவிட்டேன். இனி இந்த மரத்தின் மேல் ஒன்றுமே இல்லை, எல்லாம் உள்ளேதான். அரக்கு இருந்தால் எண்ணெயும் இறங்காது.

பிறகு லின்சீட் ஆயில். உள்ளங்கையில் நாலு சொட்டு, சூடு வரும்வரை தேய்ப்பு, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைப்பு. அம்மா: "சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிடான்னா கேக்க மாட்ட, குச்சிக்குத் தேய்க்கிற."

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். காற்றோடு சேர்ந்து இறுகும்போது எண்ணெய் சூடாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

ஜூன் 23, ஞாயிறு

நேற்றும் இன்றும் ஏற்காடு. சித்தப்பா வீடு ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்ச தூரம். இரண்டாவது கை எண்ணெயை அங்கேயே போடலாம் என்று க்யூவையும் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொண்டுபோனேன். தப்பு. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மதியம்வரை மேகம், எண்ணெய் காயவே இல்லை. இன்று காலையிலும் தொட்டால் பிசுக்கு. கீழே இறங்கி, மாலை வெயிலில் சூடேறிக் கிடந்த நம் வீட்டு அறையில் தொங்கவிட்டபோதுதான் இறுக ஆரம்பித்தது. சேலம் வெயிலைத் திட்டி முதல் நாள் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 29, சனி

இரண்டு சொட்டு எண்ணெயோடு 2000 நம்பர் பேப்பர், கூழ் மாதிரி வந்ததைக் குறுக்கே துடைத்தேன். பிறகு காக்கிக் கவர் காகிதத்தை மடித்துப் பிடித்துக் கை சுடும் வரை உரசினேன். பளபளப்பு இல்லை, வாழைப்பட்டையின் உள்பக்கம் மாதிரி ஒரு வழவழப்பு. நுனி 9.4-லேயே நிற்கிறது.

மாலை கிளப். கை வியர்த்தது, க்யூ ஒட்டவில்லை. மூன்று ஃபிரேமில் ஒன்று ஜெயித்தேன். அந்தக் கருப்புப் பந்தை விட்டிருக்கக் கூடாது.

பக்கத்து டேபிளில் ஆடும் கல்லூரிப் பையன் வாங்கித் தடவிப் பார்த்தான். நகத்தையும் இழுத்துப் பார்த்தான், சத்தமில்லை. "அண்ணா, என்னுதுக்கும் இதே மாதிரி பட்டி போட்டுக் குடுங்கண்ணா" என்று தன்னுடையதை நீட்டினான்.

வெளிச்சத்தில் திருப்பினேன். வரியே தெரியாத வெளுப்பு. மேப்பிள் மரம்.

"இதுக்கு வாயே இல்லடா" என்றேன்.