நீல வில்லைத் தேடிப் பழகிய கண்

பொதுமக்கள் தன்னார்வலர்களாக இணையத்தில் விண்வெளிப் படங்களை அலசும் ஸ்பேஸ் வார்ப்ஸ் திட்டம் 2013 மே மாதம் தொடங்கியதுமே சேர்ந்துவிட்டேன். ஹவாயின் மௌனா கியா மலைமேல் உள்ள கனடா-பிரான்ஸ்-ஹவாய் தொலைநோக்கி எடுத்த படங்களில் ஈர்ப்பு வில்லைகளைத் தேடும் வேலை. ஒரு பெரிய விண்மீன் திரளின் ஈர்ப்பு, கண்ணாடி வில்லை (லென்ஸ்) போல, அதற்கு நேர் பின்னே வெகுதொலைவில் இருக்கும் இன்னொரு திரளின் ஒளியை வளைத்து வில்லாகவோ வளையமாகவோ காட்டும். அப்படி ஒன்று தென்பட்டால் குறியிட வேண்டும்.

முதல் வாரம் சுருள் திரள்களின் வளைந்த கைகளையெல்லாம் வில்லை என்று நினைத்துக் குறித்துத் தள்ளினேன். இடையிடையே கணினியில் உருவாக்கிய போலி வில்லைகளை ஒளித்து வைத்திருப்பார்கள். பிடித்தாலும் தவறவிட்டாலும் உடனே தெரிந்துவிடும். அதை வைத்தே நம் கண்ணின் திறமையை எடைபோட்டு, நம் குறிகளுக்கு மதிப்புத் தருகிறார்கள். இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஒரு மாதத்தில் கண் பழகியது. ஒரு படம் இன்னும் நினைவிருக்கிறது. நடுவில் மஞ்சள் பூத்த நீள்வட்டத் திரள். அதன் வலப்புறம் நகக்கீறல் போல மெல்லிய நீலக் கோடு, திரளை அணைப்பதுபோல வளைந்து. சுருளின் கை என்றால் மையத்திலிருந்து புறப்படும். இது தனியே நின்றது. எதிர்ப்புறம் மையத்தை ஒட்டி, அதே நீலத்தில் மங்கலாக ஒரு புள்ளி. குறியிட்டேன். போலிதான்! ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ‘மஞ்சளைச் சுற்றி நீலம்’ என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

2014 ஜனவரியில் அகச்சிவப்புப் படங்களைக் கலந்து கொடுத்தார்கள். அவற்றிலிருந்து தன்னார்வலர்கள் எடுத்துத் தந்தது ஒரு சிவப்பு வளையம்! ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு புறப்பட்ட ஒளி. தூசிக்குள் மும்முரமாக விண்மீன்களைப் பெற்றுக்கொண்டிருந்த திரள் அது. ரேடியோ தொலைநோக்கிகளும் உறுதிப்படுத்தின. நோட்டில் இருந்த வரியை அடித்துவிட்டு, ‘முதலில் வளைவு, பிறகு நிறம்’ என்று எழுதினேன்.

ஹவாய் படங்களின் முடிவு 2016இல் வெளிவந்தது. ஏறக்குறைய 37,000 பேர், 4,30,000 படங்கள்; நம்பிக்கை தரும் புதிய வில்லைகள் 29. கணினி நிரல்கள் ஏற்கெனவே சலித்துவிட்ட வானப் பகுதியிலிருந்து கிடைத்தவை இவை. இப்போது யூக்ளிட் விண்கலத்தின் படங்களைச் செயற்கை நுண்ணறிவு முதலில் சலித்துத் தர, தன்னார்வலர்களும் பிறகு வல்லுநர்களும் பார்த்து, 2025 மார்ச்சில் வில்லைகளாக இருக்கக்கூடியவை என 500 வரை அறிவித்துவிட்டார்கள். நோட்டில் இன்னும் பாதிப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன.