பூம்பாறைச் சாலையில் ஒரு சரிவு

கொடைக்கானலில் ஓவியம் என்றால் ஏரி, படகு, தூண் பாறை. மூன்றையும் விடுதிகளுக்கு வரைந்து கொடுக்கிறேன். வீட்டு வாடகை அதில்தான் வருகிறது. ஏரியைக் கண்ணை மூடிக்கொண்டே வரைந்துவிடுவேன், அதுதான் சங்கடம். கை மனப்பாடம் செய்துவிட்ட எதையும் கண் பார்ப்பதில்லை. அதனால் எனக்கென்று செய்யும் வேலைக்குப் பூம்பாறை போகும் சாலையில், யாரும் வண்டியை நிறுத்தாத ஒரு சரிவைப் பிடித்துக்கொண்டேன். பல ஆண்டுகளாக அதே திட்டில் உட்கார்ந்து, அதே அளவுத் தாளில் அதையே வரைகிறேன்.

இந்தப் பழக்கத்தை ஓவியக் கல்லூரியில் கற்கவில்லை. இதே ஊரில் இருக்கும் சூரிய ஆய்வகத்திடமிருந்து எடுத்துக்கொண்டேன். 1904 முதல், வானம் திறந்த நாளெல்லாம் அங்கே சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து, கட்டம் போட்ட வட்டத்துக்குள் சூரியப் புள்ளிகளையும் விளிம்பில் எழும் பிழம்புகளையும் வெவ்வேறு வண்ணங்களில் கையால் குறித்த தாள்களும் உண்டு. ஒற்றைத் தாளில் பெரிதாக ஒன்றும் இல்லை. வரிசையாக வைத்தால்தான், ஒரு புள்ளி இரண்டு வாரத்தில் வட்டத்தைக் கடந்து மறைவதும், ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகி ஓய்வதும் தெரியும். வரைந்தவருக்கு அன்று மனநிலை எப்படியிருந்தது என்பதற்கு மட்டும் தாளில் இடமே இல்லை. எங்கள் கூட்டத்துக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்தால் இங்கே நீர்வண்ணம் காயாது. முதல் பூச்சு ஈரமாகவே கிடக்கும். அதன்மேல் இரண்டாவதை வைத்தால் பச்சை ஊறிப் பரவி, மரம் எது மஞ்சு எது என்று தெரியாமல் போகும். அடுப்பில் காட்டலாம், ஆனால் தாள் நெளிந்துவிடும். ஆகவே தூரிகையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உருப்படியாகப் பார்ப்பதெல்லாம் அப்போதுதான் நடக்கிறது. மஞ்சு தொலைவிலிருக்கும் மடிப்பைத்தான் முதலில் விழுங்குகிறது. பைன் மரங்கள் வெறும் செங்குத்துக் கோடுகளாக நெடுநேரம் தாக்குப்பிடிக்கின்றன. வாட்டில் என்னும் மரத்தின் இலை நனைந்ததும் கிட்டத்தட்ட கறுப்பு. பசுமை என்று பெயர் பெற்ற மலையில் பச்சைக் குழம்பை அவ்வளவாகத் தொட வேண்டியதே இல்லை.

ஒருநாள், தலையில் விறகுக் கட்டோடு வந்த பெரியம்மா ஒருவர் படத்தை எட்டிப் பார்த்தார்.

"மரத்தை மட்டும் போட்டிருக்கிறாயே தம்பி?"

"மரம்தானே இருக்கிறது, பெரியம்மா?"

"நான் கல்யாணமாகி வந்த புதிதில் இது முழுக்கப் புல். மேய்கிற மாட்டை ரோட்டிலிருந்தே எண்ணலாம். குறிஞ்சி பூத்த வருஷம் அடியிலிருந்து முடிவரை நீலமாக இருந்தது."

அவர் சொன்னதில் கற்பனை இல்லை. பழனி மலையின் மேல்தளத்தில் புல்வெளியும் மடிப்புகளில் சோலையுமாகத்தான் இருந்தது. தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று வாட்டிலையும், மரத்துக்காகப் பைனையும் கடந்த நூற்றாண்டில் நட்டார்கள். வாட்டில் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. நிழல் விழுந்த இடத்தில் புல் போயிற்று, கூடவே குறிஞ்சியும். இதைக் கேட்டு நான் முகம் வாடியதும் பெரியம்மா சிரித்துவிட்டு, "இப்போது விறகுக்குக் கஷ்டமில்லை" என்றார். தலையில் இருந்ததும் வாட்டில்தான்.

அந்த நீலத்தை வரைவதா என்று வெகுநாள் யோசித்தேன். நான் பார்க்காததை அந்தத் தாள்களில் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன்; அவர் சொன்னதை மட்டும் அன்றைய படத்தின் பின்புறம் தேதியோடு எழுதி வைத்தேன். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது சாலையோரத்தில் சில புதர்கள் தேறின. அவை மட்டுமே என் தாளில் இருக்கின்றன.

அதே பருவத்தில் ஒரு விடுதி குறிஞ்சி மலை கேட்டது. அடிமுதல் முடிவரை நீலமாகத் தீட்டிக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் நீலம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டார்கள்.