தோளில் முடிச்சு, கருப்பையில் கட்டி, தம்பிக்குப் புற்றுநோய்

என் இடது தோளில் பயறு அளவில் ஏழெட்டு முடிச்சுகள் உண்டு. மார்கழிக் குளிரில் தொட்டால் சுரீரென்று வலிக்கும். கொழுப்புக் கட்டி என்றார்கள். 26 வயதில் கருப்பையில் நார்த்திசுக் கட்டிகள் வந்தன. 34 வயதில் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தம்பிக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வந்தபோதுதான், அவனைப் பார்த்த மருத்துவர், "வீட்டில் யாருக்காவது தோலில் முடிச்சு, கர்ப்பப்பையில் கட்டி உண்டா?" என்று கேட்டார். நான் ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது: இருவருக்கும் எஃப்ஹெச் என்ற மரபணுவில் அதே பிழை. என் தோல் முடிச்சு, கருப்பைக் கட்டி, தம்பியின் புற்றுநோய் எல்லாவற்றுக்கும் வேர் அதுதான்.

உணவிலிருந்து செல் ஆற்றல் எடுக்கும் சுழற்சியில், ஃபியூமரேட் என்ற பொருளை மாலேட் என்ற பொருளாக மாற்றும் நொதியை உருவாக்குவது இந்த மரபணு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வந்த அதன் இரண்டு பிரதிகளும் கெட்ட செல்லில் ஃபியூமரேட் தேங்குகிறது. ஆக்சிஜன் இருந்தும் மூச்சு முட்டுவதைப்போல அந்தச் செல் நடந்துகொள்கிறது. புது ரத்தக் குழாய்களை வரவழைக்கிறது, சர்க்கரையை அள்ளி விழுங்குகிறது. நெருக்கடியில் மட்டும் எழ வேண்டிய என்ஆர்எஃப்2 என்ற புரதக் காவலாளி ஓயாமல் விழித்திருந்து புற்றுச் செல்லையே காக்கிறான். மருத்துவர் இதைப் படம் போட்டு விளக்கிய தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

தம்பிக்கு நுரையீரல் வரை பரவியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெவாசிசுமாப் என்ற மருந்தை ஏற்றினார்கள். அது புது ரத்தக் குழாய்களைத் தடுக்கும். கூடவே தினமும் எர்லோடினிப் என்ற புற்றுநோய் மாத்திரை. அந்த மாத்திரையால் முகமெல்லாம் பருக்களாக வெடித்து, கண்ணாடி பார்ப்பதையே நிறுத்திவிட்டான். ஆனால் மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருந்தன. அன்று இருவரும் மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதோம்.

எனக்கு ஆண்டுக்கு ஒரு எம்ஆர்ஐ. இரண்டாம் ஆண்டில் இடது சிறுநீரகத்தில் 11 மில்லிமீட்டர் கட்டி தெரிந்தது. "சின்னதுதான், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றார் ஓர் அறுவை நிபுணர். வேறு சில பரம்பரைச் சிறுநீரகப் புற்றுநோய்களில் 3 சென்டிமீட்டர் வரை காத்திருப்பது வழக்கம். இந்த வகை சிறிதாக இருக்கும்போதே பரவக்கூடியது. இதில் காத்திருக்கக் கூடாது. அவரிடம் வாதாடிப் பயனில்லாமல் வேறு மருத்துவமனைக்குப் போனேன். சுற்றியுள்ள நல்ல திசுவையும் அகலமாகச் சேர்த்து வெட்டி எடுத்தார்கள். மீதிச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது.

மகளுக்கு 9 வயது. பிழை அவளுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால் இந்த வயதிலேயே ஆண்டு ஸ்கேனைத் தொடங்க வேண்டும். திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கிறாள். எந்தக் கையில் ஊசி போடுவார்கள் என்று மட்டும் கேட்டாள். இடது கை வேண்டாமாம், அதில்தான் எழுதுகிறாள்.